நின்றுபோன ஸ்போர்ட்ஸ் கார்: விலையைப் பின்னாலிருந்து கணக்கிடுங்கள்

கேள்வி: 2001-ல் வந்த மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.8 லிட்டர் எஞ்சின், துணிக்கூரை மடங்கும் வண்டி. நான்கு வருடமாக ஷெட்டில் நிற்கிறது. உரிமையாளர் கேட்கும் விலை எங்கள் வீட்டின் 4 மாதச் செலவுக்குச் சமம். என் மொத்தச் சேமிப்பு 20 மாதச் செலவு அளவுக்கு இருக்கிறது. அதில் 6 மாத அளவு மகளின் கல்லூரிக்கு. வண்டியை ரோட்டில் ஓட்டும் அளவுக்குச் சரிசெய்ய 2.5 மாதச் செலவு ஆகும் என்று மெக்கானிக் சொல்கிறார். வருடத்துக்கு மூன்று முறை ட்ராக்கில் (பந்தயத் தடத்தில்) ஓட்ட ஆசை. குறைகிற பணத்துக்கு 14% வட்டியில் தனிநபர் கடன் வாங்கலாமா? பின்னாளில் விலை ஏறும் என்பதால் இதை முதலீடாக எடுத்துக்கொள்ளலாமா? எஞ்சினின் சக்தியைக் கூட்டும் டர்போவையும் இப்போதே போட்டுவிட்டால் கூலி மிச்சமா?

பதில்: வண்டியை வாங்கலாம். ஆனால் 4 மாதச் செலவு கொடுத்து அல்ல, கடன் வாங்கியும் அல்ல. டர்போ வேண்டாம். முதலீடு என்ற சொல்லை இந்தக் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். நீங்கள் கேட்பது ஒரு ஆசைக்கான செலவு. அதில் தவறே இல்லை. செலவைச் செலவென்று ஒப்புக்கொண்டு எல்லை போடுகிறவர்கள்தான் இந்த வேலையை முடித்து வண்டியை ஓட்டுகிறார்கள்.

பெரும்பாலோர் விற்பவர் சொல்லும் விலையில் தொடங்கி, மேலே மேலே கூட்டிக்கொண்டு போகிறார்கள். நீங்கள் கடைசியிலிருந்து வாருங்கள். 20 மாதத்தில் 6 மாதம் அவசர நிதி, 6 மாதம் மகளுக்கு. இரண்டையும் தொடக்கூடாது. மீதி 8. வண்டிக்காக நீங்கள் செலவழிக்கக்கூடிய மொத்தமும் இவ்வளவுதான். இதில் முதல் வருட இன்சூரன்ஸ், வரி, நிறுத்துமிடம், எரிபொருள், கைக்கருவிகள் எல்லாவற்றுக்கும் 1.5 ஒதுக்குங்கள். எதிர்பாராத வேலைக்கு இன்னொரு 1.5. நான்கு வருடம் நின்ற வண்டியைப் பிரித்துப் பார்க்காமல் யாராலும் சரியான மதிப்பீடு தர முடியாது, உங்கள் மெக்கானிக்காலும்தான். அவர் சொன்ன 2.5-ஐக் கழித்தால் மிஞ்சுவது 2.5. நீங்கள் கொடுக்கக்கூடிய உச்சவிலை அது. உரிமையாளர் 4-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்றால், இந்த வண்டி உங்களுக்கானது இல்லை. பராமரித்து ஓட்டிக்கொண்டிருக்கும் இன்னொன்று 5 மாத விலைக்குக் கிடைத்தால், அதே 8-க்குள் அதுதான் மலிவு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது பழைய வண்டிக்கு அப்படியே பொருந்தும்.

ட்ராக் செலவு இந்த 8-க்குள் வரவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். அது மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வரவேண்டியது. அந்தக் கணக்கைக் கீழே தருகிறேன்.

கடன் ஏன் வேண்டாம்? 14% வட்டியில் 100 வாங்கி 36 தவணையில் கட்டினால் சுமார் 123 கட்டியிருப்பீர்கள். அந்த 23-ஐவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. பழைய வண்டி வேலை எப்போதும் இடையில் நிற்கும்: ஒரு பாகம் வர ஆறு வாரம் ஆகும், வெல்டிங் செய்பவர் கிடைக்கமாட்டார், வீட்டில் வேறு செலவு வந்துவிடும். வண்டி நின்றாலும் தவணை நிற்காது. அந்த நெருக்கடியில்தான் பாதி பிரித்த வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். பாகங்கள் பெட்டி பெட்டியாகக் கிடக்கும் வண்டிக்கு, வாங்கியபோது கொடுத்த விலைகூடக் கிடைக்காது. எது இருக்கிறது, எது தொலைந்தது என்று வாங்க வருகிறவருக்குத் தெரியாதே!

அதனால் நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: வேலையைக் கட்டம் கட்டமாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் வண்டி ஓடவேண்டும், விற்கவும் முடியவேண்டும். அடுத்த கட்டத்துக்குப் பணம் கையில் வராமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றக்கூடாது.

விலை பேசுவதற்கு முன் துரு. இந்த மாடலின் பணப்பையைக் கரைப்பது எஞ்சின் அல்ல, உடம்பு. துணிக்கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ள வடிகுழாய் வழியாகக் கீழே போகவேண்டும். இலைச் சருகும் தூசியும் அதை அடைத்துவிட்டால் தண்ணீர் கதவுக்குக் கீழுள்ள சில் பகுதிக்குள் தேங்கி, உள்ளிருந்து அரிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். பின் சக்கரத்துக்கு முன்னால் சில் முடியும் இடத்தில் மெல்லிய துணி சுற்றிய காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் நழுவினால் அங்கே தகடு இல்லை, ஓட்டையை அடைத்துப் பூசிய பட்டிப் பசை. பிறகு வண்டியை லிஃப்டில் ஏற்றி, முன்பக்கச் சேசிஸ் ரெயில்களை (உடம்பைத் தாங்கும் நீளமான அடிச்சட்டங்களை) அடியிலிருந்து ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள். நல்ல தகடு கணீரென்று சொல்லும், அரித்தது மொத்தென்று சொல்லும். இந்த இரண்டாம் தலைமுறை மாடலில் அந்த ரெயில் இரட்டைத் தகடு. நடுவில் ஈரம் நின்று அரிப்பது எல்லாருக்கும் தெரிந்த குறை. சஸ்பென்ஷன் அந்தப் பகுதியை நம்பித்தான் நிற்கிறது. அங்கே ஓட்டை இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்க வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். பேட்டரி டிக்கியில் இருப்பதால் அதன் அடித்தகட்டையும் பாருங்கள். அமிலம் சிந்தியிருந்தால் அங்கும் துரு இருக்கும்.

இன்னொரு இடம் உண்டு, பலர் பார்ப்பதில்லை. நான்கு சக்கரங்களையும் தாங்கும் சஸ்பென்ஷனின் கீழ்க்கைகளில், கைக்கு இரண்டாக மொத்தம் 8 எக்சென்ட்ரிக் போல்ட் (மையம் விலகிய போல்ட்) இருக்கும். கேம்பர் (சக்கரத்தின் சாய்வு), டோ (சக்கரம் நோக்கும் திசை) எல்லாம் அவற்றைத் திருப்பித்தான் சரிசெய்யவேண்டும். வருடக்கணக்கில் தொடாமல் விட்டால் போல்ட், அது நுழையும் புஷ்ஷின் (ரப்பர் உறையின்) உள் இரும்போடு ஒட்டிப்போகும். அப்புறம் அறுத்துத்தான் எடுக்கவேண்டும். புதிய போல்ட், புதிய புஷ், நாள்கணக்கில் கூலி. அண்மையில் எடுத்த அலைன்மென்ட் தாள் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், உரிமையாளர் சம்மதத்தோடு நட்டைத் தளர்த்தி, போல்ட் தலை அசைகிறதா என்று மெக்கானிக் பார்க்கட்டும். அசையாத ஒவ்வொன்றையும் விலை பேசும்போது சொல்லுங்கள்.

முதல் கட்டம்: பத்திரமாகக் கிளம்பி, பத்திரமாக நிற்கும் வண்டி. சாவியைப் போட்டுத் திருப்பிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். நான்கு வருடப் பெட்ரோல் கெட்டிருக்கும். முழுவதும் வடித்து ஃபில்டரை மாற்றவேண்டும். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு ஒரு நாள் ஊறவிட்டு, எஞ்சினின் முன்னால் உள்ள கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் மாட்டிக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். தடையில்லாமல் சுற்றினால் பாதிக் கவலை தீர்ந்தது. டைமிங் பெல்ட்டுக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் கணக்கு உண்டு, ஆனால் ரப்பர் வயதாலும் கெடும். எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது இல்லையென்றால், மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதே இடத்தைப் பிரிக்கும்போது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதை வழிநடத்தும் ஐட்லர் உருளை, வாட்டர் பம்ப், முன்பக்க ஆயில் சீல்கள் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றவேண்டும். ஒரே கூலியில் ஐந்து வேலை. நீங்கள் தேடும் உண்மையான மிச்சம் டர்போவில் இல்லை, இங்கேதான் இருக்கிறது.

எஞ்சின் ஆயில் சுமார் 4 லிட்டர், கூலன்ட் 6, கியர்பாக்ஸ் ஆயில் 2, டிஃபரன்ஷியலுக்கு 1 என்று பட்டியல் போட்டு ஒரே தடவையில் வாங்குங்கள். ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் தொட்டி கருப்பிலிருந்து பழுப்புக்கு மாறியிருந்தால் வெடிக்கும் நாள் தூரத்தில் இல்லை, மாற்றிவிடுங்கள். அது சாலையில் வெடித்தால் சிலிண்டர் ஹெட்டும் கோணிப்போகலாம். ஒரு ரேடியேட்டர் விலையோடு போயிருக்கவேண்டியது எஞ்சின் வேலையாகும்.

பிரேக்கில் கஞ்சத்தனம் கூடாது. டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பின் காலிப்பரில்தான் ஹேண்ட்பிரேக்கின் இயக்கமும் இருக்கிறது. நின்ற வண்டியில் அது இறுகிக்கிடப்பது சகஜம். காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைட் பின்கள் கையால் தள்ளினால் நகரவேண்டும். ரப்பர் குழாய்களைப் புதிதாகப் போடுங்கள். டிஸ்க்கின் குறைந்தபட்சத் தடிமன் அதன் மேலேயே பொறித்திருக்கும். மைக்ரோமீட்டரால் அளந்து அதற்குக் கீழே இருந்தால் மாற்றுங்கள். கிளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விரலால் விலக்கினால் ஈரம் தெரியும். கசிவு என்று அர்த்தம், சின்ன விலைதான், மாற்றிவிடுங்கள். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் வருடம் 23-ஆவது வாரம். பள்ளம் எவ்வளவு மிச்சமிருந்தாலும் ஆறு வருடம் தாண்டிய டயரில் ட்ராக்கில் இறங்காதீர்கள்.

இந்தக் கட்டம் முடிந்ததும் ஆறு மாதம் வெறுமனே ஓட்டுங்கள். எது கசிகிறது, எது சத்தம் போடுகிறது என்று வண்டியே சொல்லும். ஒதுக்கிய 1.5 ரிசர்வ் அதற்குத்தான். அது தீராமல் இருந்தால் மட்டும் இரண்டாவது கட்டம்: சில்லின் சின்னத் துரு, சஸ்பென்ஷன் புஷ்கள், ஷாக்குகள், அலைன்மென்ட். பெயின்ட், இருக்கை உறை எல்லாம் கடைசி. அவை கண்ணுக்கு அழகு, விற்கும்போது செலவில் ஒரு பங்குதான் திரும்பும்.

மூன்றாவது கட்டம் ட்ராக். இதற்குப் பெரிய பாகங்கள் தேவையில்லை, தேய்மானம்தான் செலவு. சாதாரண டாட் 4 (DOT 4) தர பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் இழுத்தபின் 155 வரை இறங்கலாம். பழைய ஆயிலோடு நாலைந்து சுற்று வேகமாகப் போய்ப் பிரேக் பிடித்தால், ஆயிலில் ஆவிக் குமிழ் உண்டாகிப் பெடல் தரையைத் தொடும். ஆகவே ட்ராக் சீசனுக்கு முன் புது ஆயில், ஒவ்வொரு ட்ராக் நாளுக்குப் பிறகும் பிரேக் குழாயிலிருந்து காற்று எடுப்பது, வெப்பம் தாங்கும் பிரேக் பேட். ஆனை வாங்கினவன் அங்குசத்துக்கு அழக்கூடாது. திறந்த கார் என்பதால் பல ட்ராக் ஏற்பாட்டாளர்கள் ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் தலையைக் காக்கும் இரும்பு வளைவு) இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அதை முன்கூட்டியே கேட்டு இந்தக் கட்டத்தின் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ரோட்டிலும் ஓடும் வண்டிக்கு, உள்ளே சுற்றிலும் இரும்புக் குழாய் போடும் முழுக் கூண்டு வேண்டாம்; ஹெல்மெட் இல்லாத தலை விபத்தில் இரும்பில் மோதும்.

தேய்மானத்துக்குத் தனி உண்டியல் வையுங்கள். ஒரு செட் டயர் ஆறு ட்ராக் நாள் தாங்கினால், ஒவ்வொரு நாள் முடிந்து வந்ததும் டயர் விலையில் ஆறில் ஒரு பங்கை அதில் போடவேண்டும். பேடுக்கும் அப்படியே. நுழைவுக் கட்டணம், எரிபொருள், பிரேக் ஆயில் எல்லாம் கூட்டினால் ஒரு நாளின் உண்மை விலை வரும். அதை மூன்றால் பெருக்கி 12-ஆல் வகுங்கள். மாதாமாதம் அவ்வளவு மிச்சம் பிடிக்க முடியவில்லையா? மூன்றை இரண்டாக்குங்கள், அல்லது ஒன்றாக.

டர்போ இந்தக் கணக்கையே உடைக்கும். அதைத் தொட்டால் கிளட்ச், ரேடியேட்டர், ஈசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), எரிபொருள் இன்ஜெக்டர், பிரேக் என்று வரிசையாக எல்லாம் பின்னால் வரும், இன்சூரன்ஸ் பிரீமியமும் சேர்ந்து. சுமார் ஒரு டன் எடையுள்ள வண்டி இது. அதே பணத்தில் ஒரு நாள் பயிற்சியாளரைப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டினால் சுற்று நேரம் கூடுதலாகக் குறையும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். சாதாரண வாகனப் பாலிசிகளில் பெரும்பாலும் பந்தயம், ட்ராக் பயன்பாடு விலக்கு. அங்கே வண்டி நொறுங்கினால் முழு நஷ்டமும் உங்களுடையது. எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். செய்த மாற்றங்களைச் சொல்லாமல் விட்டால் ரோட்டு விபத்தின் இழப்பீட்டையே மறுக்க இடம் கொடுத்தாகிவிடும். பேசி முடித்த மதிப்புக்குப் பாலிசி தருகிற நிறுவனம் கிடைத்தால் நல்லது. அதற்கு ரசீதும் புகைப்படமும் கேட்பார்கள். முதல் நாளிலிருந்தே ஒரு ஃபைல் போட்டு, தேதி, கிலோமீட்டர், பாகம், தொகை என்று எழுதிவையுங்கள். கழற்றிய அசல் இருக்கை, ஸ்டியரிங், சைலன்சரை எறியாதீர்கள்; பெயர் ஒட்டி மேலே போட்டுவையுங்கள். விற்கும் நாளில் வாங்குபவர் முதலில் கேட்பது அவற்றைத்தான்.

இந்த வாரம் செய்யவேண்டியது: காந்தம், ஸ்க்ரூடிரைவர், டார்ச், மெக்கானிக்கோடு போய் சில், சேசிஸ் ரெயில், அந்த 8 போல்ட் மூன்றையும் பாருங்கள். ரெயில் நன்றாக இருந்தால் 2-ல் பேச்சைத் தொடங்குங்கள், 2.5 வந்ததும் நிறுத்திவிடுங்கள்.