எடுத்த வேலையைப் பாதியில் விடும் குழந்தையை எப்படி முடிக்க வைப்பது?

உங்கள் எட்டு வயது மகன் வீட்டுப்பாடம், குளியல், சாப்பாடு என எதையும் முடிக்காமல் பாதியில் எழுந்து போய்விடுகிறான், திட்டியும் பயனில்லை, என்ன செய்யலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என் மகனுக்கு இப்போது பத்து வயது நடக்கிறது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வியை நான் பார்த்தவர்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன் என்பதால், எங்கள் வீட்டில் நடந்ததை வைத்தே பதில் எழுதுகிறேன்.

நாங்கள் காரைக்குடிக்கு அருகில் ஒரு பழைய வீட்டில் இருக்கிறோம். முகப்பு, வளவு என்கிற திறந்த முற்றம், இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற நீளமான வீடு. முகப்பில் உட்கார்ந்திருக்கும் என் மாமியார் வெற்றிலைத் தட்டைத் திறந்ததும், இரண்டாம் கட்டிலிருந்து பாக்குவெட்டியை எடுத்து வரும்படி பேரனை அனுப்புவார். போனவன் திரும்ப மாட்டான். ஒரு மழை நாளில் நான் தேடிப் போனபோது, வளவில் கூரைத் தண்ணீர் விழுகிற அண்டாவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் எழும் குமிழிகளை எண்ணிக்கொண்டிருந்தான். "பாக்குவெட்டி எங்கடா?" என்று கேட்டேன். "எந்தப் பாக்குவெட்டி?" என்றான். அவன் முகத்தில் திமிரும் இல்லை, பொய்யும் இல்லை. அந்தச் சொல்லே அவன் மனத்தில் அப்போது இல்லை.

அதுவரை கீழ்ப்படியாமை என்று நினைத்து நான் அடித்ததும் உண்டு. அதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது. கேட்டதை மனத்தில் பிடித்து வைத்துக்கொண்டே அடுத்த அடியை எடுத்து வைப்பதற்குத் தற்காலிக நினைவு வேண்டும். அது சிறு பிள்ளைகளுக்கு இயல்பிலேயே குறைவு, சில பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. நானோ "கையைக் கழுவிட்டு, சட்டையை மாத்திட்டு, கணக்கு நோட்டை எடுத்துட்டு வா" என்று அடுப்படியிலிருந்தே மூன்று கட்டளைகளை ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டிருந்தேன். அதன் பிறகு, அருகில் போய் அவன் தோளைத் தொட்டு, அவன் முகத்தைப் பார்த்து, ஒரே ஒரு வேலையைச் சொல்லி, அதை அவன் வாயால் திருப்பிச் சொல்ல வைக்கத் தொடங்கினோம். பாக்குவெட்டிக்குப் போகும்போது "பாக்குவெட்டி, பாக்குவெட்டி" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போவான். வீடே சிரித்தது, ஆனால் பெரும்பாலான நாள்களில் பாக்குவெட்டி வந்து சேர்ந்தது.

இதற்கிடையில் ஒரு குழந்தை நல மருத்துவரிடமும் காட்டினோம். அவர் முதலில் கேட்டது கண், காது, தூக்கம் ஆகிய மூன்றைப் பற்றித்தான். கிட்டப்பார்வை இருந்தது, கண்ணாடி போட்ட பிறகு கரும்பலகையைப் பார்த்து எழுதும் வேலை ஒழுங்கானது, மற்றது மாறவில்லை. ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை ஒன்பது மணி நேரமாவது தூங்க வேண்டும் என்றார். கைப்பேசியோடு படுக்கப் போகும் எங்கள் வீட்டில் அது எட்டைத் தாண்டியதில்லை. திடீரென்று சில நொடிகள் வெறித்துப் பார்த்து, கூப்பிட்டாலும் தொட்டாலும் உணராமல் இருந்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் தொடர்கிறானா என்றும் கேட்டார், ஏனென்றால் ஒருவகை வலிப்பு அப்படித்தான் வரும், அதைக் கவனக்குறைவு என்று நினைத்துவிடக் கூடாது. ஏடிஹெச்டி, அதாவது கவனக்குறைவு - மிகைத் துடிப்புக் கோளாறு, என்ற முடிவுக்கு வர, அறிகுறிகள் பன்னிரண்டு வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், ஆறு மாதமாவது நீடித்திருக்க வேண்டும், வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தென்பட வேண்டும். உங்கள் மகனுக்கு இவை பொருந்தினால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். அமைதியாக உட்கார்ந்து கனவு காண்கிற பெண் குழந்தைகளிடம் இது பல நேரம் தெரியாமலே போய்விடுகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

அதிரசமும் சீயமும் தின்றுதான் இப்படி ஆடுகிறான் என்று சொன்ன உறவினர்களுக்கு: சர்க்கரை பிள்ளைகளின் நடத்தையையோ கவனத்தையோ கெடுப்பதாகத் தெரியவில்லை என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து 1995இலேயே எழுதிவிட்டார்கள். வல்லாரைத் துவையலும் அரைத்துப் பார்த்தேன். துவையல் நன்றாக இருந்தது.

வீட்டுப்பாடத்துக்கு வழி காட்டியவர் என் மாமியார்தான். அவர் ஒரு நாள் முறத்தில் மொச்சைக்காயைக் கொட்டிக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "அப்பத்தா இந்த மொச்சையை உரிச்சு முடிக்கிறதுக்குள்ள நீ நாலு கணக்கை முடிச்சிரு, பாப்போம்" என்றார். பன்னிரண்டு கணக்கு இருந்தது, அவர் கேட்டது நான்கு. அவன் ஒரு கணக்கைப் போடுவான், முறத்தைப் பார்ப்பான், காய் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று அளந்துகொண்டு அடுத்ததற்குப் போவான். "அரை மணி நேரம் உட்கார்" என்று நான் சொன்னபோது அந்த அரை மணி அவனுக்குக் கடலைப்போல இருந்திருக்கிறது. குறைந்துகொண்டே வருகிற குவியலில் முடிவு கண்ணுக்குத் தெரிந்தது. பக்கத்தில் ஒருவர் தன் வேலையைப் பேசாமல் செய்துகொண்டிருப்பதும் பிள்ளையைப் பிடித்து வைக்கிறது. மேலே நின்று பார்த்துக்கொண்டிருப்பதற்கு அந்தப் பலன் கிடையாது. மொச்சை இல்லாத மாதங்களில் ஒரு மணற்கடிகாரம் வாங்கி வைத்தோம். பத்து நிமிடம் வேலை, எழுந்து வளவை ஒரு சுற்று, மறுபடி பத்து நிமிடம்.

உட்காரும் இடமாக, என் கணவரின் தாத்தா கணக்கெழுதிய சாய்வுப் பலகைப் பெட்டியைக் கொடுத்தோம். அதன் மேல் ஒரே ஒரு நோட்டுத்தான் நிற்கும், மற்ற எல்லாம் உள்ளே போய்விடும். வேண்டுமென்று திட்டமிட்டுச் செய்ததில்லை, வேறு மேசை இல்லை. அதைவிட நல்ல மேசை கிடைத்திருக்காது என்று இப்போது நினைக்கிறேன்.

'முடிப்பது' என்றால் என்ன என்பதையும் நீங்கள் சொல்லித்தர வேண்டியிருக்கும். எங்கள் பையன் கணக்கை எல்லாம் போட்டுவிட்டு நோட்டைப் பெட்டியிலேயே விட்டுப் பள்ளிக்குப் போய், செய்யாதவனாக நின்றிருக்கிறான். இப்போது நோட்டு பைக்குள் போய், ஜிப் மூடுகிற சத்தம் கேட்ட பிறகுதான் வேலை முடிந்தது என்று கணக்கு. அந்தச் சத்தம் கேட்டதும் "நாலையும் முடிச்சிட்டியே" என்று செய்ததைச் சொல்லி உடனே பாராட்டிவிடுவேன். வார இறுதியில் பரிசு தருவதாகச் சொன்ன நாள்களில் செவ்வாய்க்கிழமைக்குள் பரிசும் மறந்துபோனது, பாடமும் மறந்துபோனது.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ்க் கட்டுரை எழுதுவது இன்றும் போராட்டம்தான். ஒரு பக்கக் கட்டுரையை மூன்று துண்டாக்கி, மூன்று மாலைகளில் எழுதுகிறான். நேற்று மாலை அப்பத்தாவுக்குப் பாக்குவெட்டியை ஒழுங்காகக் கொண்டுவந்து கொடுத்தான். ஒரு காலில் மட்டும் செருப்பு இருந்தது. மற்றொன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.