வெளிநாட்டு ஆதரவற்ற குழந்தைக்கு மாதாமாதம் பணம் அனுப்பும் 'ஸ்பான்சர்' முறை என்றால் என்ன?

ஒரு நாட்டில் இருப்பவர் வேறொரு நாட்டின் ஏழைக் குழந்தையின் படிப்பு, சாப்பாடு, மருத்துவத்துக்கென மாதாமாதம் ஒரு தொகை தருவதுதான் ஸ்பான்சர் முறை. குழந்தையின் புகைப்படம் வரும், கடிதமும் வரும்.

இது பரவியதற்குக் கொரியப் போர் ஒரு முக்கியக் காரணம். 1952இல் அங்கே படைவீரர்களுக்குப் பிரசங்கம் செய்யப் போன அமெரிக்கப் போதகர் எவரெட் ஸ்வான்சன், தெருவில் கிடந்த அநாதைக் குழந்தைகளைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பி நிதி திரட்டினார். அதிலிருந்து வளர்ந்ததே கம்பாஷன் இன்டர்நேஷனல் என்ற கிறிஸ்தவ ஸ்பான்சர் அமைப்பு. திக்கற்ற பிள்ளைகளையும் விதவைகளையும் விசாரிப்பதும், உலகத்தால் கறைபடாமல் தன்னைக் காப்பதுமே சுத்தமான பக்தி என்கிறது பைபிளின் யாக்கோபு 1:27. பல கிறிஸ்தவர்களுக்கு இது தர்மம் மட்டுமல்ல, வழிபாட்டின் ஒரு பகுதி.

சரி, ஏன் ஒரே ஒரு குழந்தையின் முகம்? லட்சம் பேர் பசியில் என்றால் மனம் மரத்துப்போகும். ஒரு பெயர் தெரிந்தால் கை பைக்குள் போகும். மனித இயல்பு அப்படி. ஆனால் பணம் பெரும்பாலும் அந்தக் குழந்தையின் கையில் போய்ச் சேராது. கோயிலில் ஒருநாள் அன்னதானத்துக்குப் பணம் கட்டுகிறோம். பலகையில் நம் பெயர், சமையல் எல்லோருக்கும். அதுபோலத்தான் ஸ்பான்சர் பணமும் உள்ளூர் சபையோ மையமோ நடத்தும் பொதுத் திட்டத்துக்குப் போகிறது. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லும் அமைப்பை நம்பலாம் என்பது என் கருத்து.

அப்புறம், 'அநாதை' என்றால் பெற்றோர் இருவரும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப் கணக்கில் பெற்றோரில் ஒருவரை இழந்த குழந்தையும் அதில் அடக்கம், அவர்களில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார்கள்.