தியேட்டரில் கேட்ட வசனம் வீட்டில் எங்கே போனது? வாசகர் கேள்வி – பதில்

திண்டுக்கல் வாசகர்: தியேட்டரில் பார்த்து ரசித்த படத்தை ஓடிடியில் வந்ததும் குடும்பத்தோடு மறுபடி பார்த்தோம். வசனமெல்லாம் முணுமுணுப்பு. சண்டை வந்தால் பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்க்கிறார். ரிமோட்டைக் கீழே வைக்கவே முடியவில்லை. ஒலிப்பதிவில் கோட்டை விட்டுவிட்டார்களா?

தியேட்டரில் வசனம் தெளிவாகக் கேட்டதல்லவா? அப்படியானால் ஒலிக்கலவை செய்தவர்மேல் பழியில்லை. ஐந்து திசை ஒலியும் பாஸுக்கென ஒரு சப்வூஃபரும் கொண்ட 5.1 கலவையில் வசனத்தின் பெரும்பகுதி திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கருக்குப் போகிறது. இசை இடமும் வலமும், சுற்றுப்புறச் சத்தம் பக்கச் சுவர்களில், இடி முழக்கம் சப்வூஃபரில். திரைக்குப் பின்னால் உள்ள ஒவ்வொரு ஸ்பீக்கரையும் 85 டெசிபல் என்ற பொது அளவுக்குச் சரிசெய்து வைத்துத்தான் படத்தைக் கலக்குகிறார்கள். வீட்டில் அந்தச் சத்தத்தில் யாரும் கேட்பதில்லை. வால்யூமைக் குறைத்தாலும் வெடிச்சத்தம் கேட்கத்தான் செய்யும்; மெதுவாகப் பேசும் வசனம் சீலிங் ஃபேன் இரைச்சலுக்கு அடியில் போய்விடும். போதாக்குறைக்கு, ஒல்லி டி.வி.களில் ஸ்பீக்கர் தரையைப் பார்த்து இருக்கிறது. நடு ஸ்பீக்கரின் வசனம், இசை, சத்தம் எல்லாம் அந்த இரண்டே ஸ்பீக்கரில் அடைபடுகின்றன.

முதலில் படம் ஓடும்போதே ஆடியோ மெனுவைத் திறந்து பாருங்கள். ‘தமிழ் 5.1’, ‘தமிழ்’ என்று இரண்டு இருந்தால், டி.வி. ஸ்பீக்கரில் கேட்பவர்கள் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கலாம். அது பெரும்பாலும் இரண்டு ஸ்பீக்கருக்கான ஸ்டீரியோ. அடுத்து டி.வி.யின் சவுண்ட் மெனுவில் ‘சரவுண்ட்’ என்று எது இருந்தாலும் அணைத்துவிட்டு, ‘கிளியர் வாய்ஸ்’ போன்ற ஒன்றைப் போடுங்கள். ராத்திரியில் ‘நைட் மோடு’ உதவும். அது பெருஞ்சத்தத்தை இறக்கி, சிறு சத்தத்தை ஏற்றி இரண்டையும் அருகருகே கொண்டுவரும்.

சவுண்ட்பார் இருந்தும் இதே தொல்லை என்றால் சந்தேகம் இரண்டு. ஒன்று, அது 2.1 ஆக இருக்கும். அதில் வசனத்துக்கென நடு ஸ்பீக்கர் கிடையாது. புதிதாக வாங்குபவர்கள் நடு ஸ்பீக்கர் உள்ள 3.1 வாங்குவது நல்லது. இன்னொன்று, சப்வூஃபரை அறை மூலையில் வைத்திருப்பீர்கள். மூலையில் பாஸ் பெருகி வசனத்தை விழுங்கிவிடும். ஓரடி, இரண்டடி நகர்த்தி, பாஸ் அளவை மூன்று நான்கு படி குறைத்துப் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் புரியாவிட்டால் அதே காட்சியை ஹெட்போனில் கேளுங்கள். அதிலும் முணுமுணுப்புதான் என்றால் இயக்குநரைத் தாராளமாகத் திட்டலாம். தமிழ்ப் படங்களில் பெரும்பாலும் ஸ்டுடியோவில் டப்பிங் பேசுவதால் வசனம் பளிச்சென்று இருக்கும். படப்பிடிப்புத் தளத்திலேயே பதிவுசெய்யும் ‘சிங்க் சவுண்ட்’ படங்களில் மூச்சு, தெருச்சத்தம் எல்லாம் சேர்ந்தே வரும். அதைக் குறை என்று எழுதுமுன் கொஞ்சம் யோசியுங்கள்.

நாகர்கோவில் வாசகி: புதிதாக 55 இன்ச் டி.வி. வாங்கினோம். நூறு கோடி செலவழித்த படம்கூட மெகா சீரியல் மாதிரித் தெரிகிறது. ஒளிப்பதிவு இவ்வளவு மோசமா?

ஒளிப்பதிவாளர் பாவம், அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சினிமா நொடிக்கு 24 பிரேம். நம் ஊர் டி.வி. ஒளிபரப்பில் அசைவு நொடிக்கு 50 முறை புதுப்பிக்கப்படுகிறது. சீரியலின் அந்த வழவழப்பு அதனால் வருவது. புது டி.வி.கள் படத்தின் இரண்டு பிரேம்களுக்கு நடுவே தாமே கணக்குப் போட்டுப் புதுப் பிரேம்களைச் செருகுகின்றன. படத்துக்கும் சீரியல் வழவழப்பு வந்துவிடுகிறது. கணக்கு தப்பும் இடத்தில், நடனத்தில் கை வீசும்போது, விரலைச் சுற்றிக் கலங்கலாகத் தெரியும்.

பிக்சர் செட்டிங்கில் ‘கிளாரிட்டி’ அல்லது ‘மோஷன்’ என்ற பிரிவுக்குப் போங்கள். எல்.ஜி.யில் ‘ட்ரூமோஷன்’, சோனியில் ‘மோஷன்ஃப்ளோ’, வேறு பல டி.வி.களில் ‘எம்.இ.எம்.சி.’ என்று பெயர் இருக்கும். அதை ‘ஆஃப்’ செய்யுங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: பெரும்பாலான டி.வி.கள் எச்.டி.எம்.ஐ. (செட்டாப் பாக்ஸ் போன்றவற்றைச் செருகும் இடம்), ஓடிடி செயலி, எச்.டி.ஆர். (வெளிச்சமும் இருட்டும் கூடுதல் வேறுபாட்டோடு தெரியும்) படம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி செட்டிங் வைத்திருக்கும். ஒரு இடத்தில் அணைத்தால் எல்லா இடத்திலும் அணையாது. கிரிக்கெட்டுக்கு வேண்டுமானால் இருக்கட்டும்.

இதை அணைக்கச் சொல்லி நடிகர் டாம் குரூஸே 2018 டிசம்பரில் ஒரு வீடியோ வெளியிட்டார். அடுத்த ஆண்டு, இந்தச் செருகலைத் தானே அணைக்கும் ‘ஃபிலிம்மேக்கர் மோடு’ அறிவிக்கப்பட்டது. உங்கள் டி.வி.யில் அது இருந்தால் ஒரே அழுத்தில் வேலை முடிந்தது.

கம்பம் வாசகி: நான் விரும்பிப் பார்க்கும் புது சீரியலை டி.ஆர்.பி. இல்லை என்று சீக்கிரமே முடிக்கப் போகிறார்களாம். எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அதுதான் ஓடுகிறது. யார் வந்து கணக்கெடுத்தார்கள்?

உங்கள் தெருவுக்கு யாரும் வந்திருக்க மாட்டார்கள். பார்க் இந்தியா என்ற அமைப்பு நாடு முழுவதும் தேர்ந்தெடுத்த சில பத்தாயிரம் வீடுகளில் மட்டும் மீட்டர் வைத்திருக்கிறது. எந்தெந்த வீடு என்பது ரகசியம். ஒவ்வொரு சேனலின் ஒலிக்குள்ளும் நம் காதுக்குக் கேட்காத ஓர் அடையாளம் கலந்திருக்கும். மீட்டர் அதைப் பிடித்து எந்தச் சேனல் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளும். வீட்டில் யார் பார்க்கிறார்கள் என்பதற்கு அவரவருக்குரிய பட்டனை அழுத்த வேண்டும். சனி முதல் வெள்ளி வரை ஒரு வாரம். எண்கள் அடுத்த வியாழன் வரும். சேனல் அலுவலகங்களில் பரீட்சை முடிவு வருகிற நாள் அது!

எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதோடு எத்தனை நிமிடம் பார்த்தார்கள் என்பதும் கணக்கு. நூறு பேர் உள்ள ஊரில் அரை மணி நேர சீரியலைப் பத்துப் பேர் முழுதாகவும், இருபது பேர் பதினைந்து நிமிடமும் பார்த்தால் மொத்தம் 600 நிமிடம். எல்லோரும் முழுதாகப் பார்த்திருந்தால் 3,000. ஆக ரேட்டிங் 20. முப்பது பேர் எட்டிப் பார்த்தும் இருபதுதான். விளம்பரம் வரும் முன் கதவு திறந்து யாரோ நிற்பதும், மூன்று முகங்களை மாறி மாறிக் காட்டுவதும் அந்தப் பாதியில் போகிறவரைப் பிடித்துவைக்கத்தான்.

எண் சரிந்தால் முதலில் ‘டிராக்’, அதாவது கதைப்போக்கு, மாறும்: திடீரென்று ஞாபக மறதி, கடத்தல், கல்யாண வாரம். பிறகு நன்றாக ஓடும் சீரியலோடு சேர்த்து ஒரு மணி நேர ‘மகா சங்கமம்’. அதிலும் ஏறாவிட்டால் மதியத்துக்கோ பத்து மணிக்கோ மாற்றுவார்கள். நேரம் மாறியது என்றால் பெட்டி கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். மறுநாள் செயலியில் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், அது மீட்டர் எண்ணில் சேராது. சேனலுக்குத் தனியாகத் தெரியும், அவ்வளவுதான்.

காரைக்குடி வாசகர்: சமீபத்திய திகில் வெப் தொடரில் பாதிக் காட்சி இருட்டு. பேய் வந்ததா போனதா என்றே தெரியவில்லை.

உலகப் புகழ்பெற்ற ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரே 2019இல் ஓர் இரவுப் போர் எபிசோடுக்காக இதே வசவை வாங்கியது. உங்கள் வீட்டில் என்ன நடந்திருக்கும்? எச்.டி.ஆர். படங்களைப் பெரும்பாலும் 1,000 நிட் (திரை வெளிச்சத்தின் அளவு) தரும் திரைக்குத் தயாரிக்கிறார்கள். விலை குறைந்த டி.வி. 250, 300 நிட்தான் தரும். அதிக வெளிச்சத்தைத் தன் அளவுக்குள் அடக்க அது மொத்தப் படத்தையும் இறக்கிவிடும். பேக்லைட்டை முழுதாக ஏற்றுங்கள். காட்சிக்கு ஏற்ப வெளிச்சத்தைச் சரிசெய்யும் ‘டைனமிக் டோன் மேப்பிங்’ இருந்தால் போடுங்கள். ‘எனர்ஜி சேவிங்’ கண்டிப்பாக அணைந்திருக்க வேண்டும். கடையிலிருந்து வரும்போதே அது போட்டபடி வருவது உண்டு. ‘பிரைட்னஸ்’ஸை மட்டும் ஏற்றாதீர்கள், பல டி.வி.களில் அது கறுப்பைச் சாம்பலாக்கும். எதுவும் பலிக்காவிட்டால் எச்.டி.ஆரையே அணைத்துப் பாருங்கள். சாதாரணப் படம் அந்த டி.வி.யில் அதைவிட நன்றாக இருக்கும்.

இருட்டில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் அது வேறு நோய், இணைய வேகம். நெட்ஃபிளிக்ஸ் முழு எச்.டி.க்கு நொடிக்கு 5 மெகாபிட், 4கேக்கு 15 மெகாபிட் வேகம் கேட்கிறது.

சேலம் வாசகர்: ஓடிடியில் கேட்ட வார்த்தை டி.வி.யில் ஏன் ஊமையாகிறது?

ஓடிடி தொடர்களுக்குத் தணிக்கைச் சான்றிதழ் தேவையில்லை. 2021 விதிகளின்படி நிறுவனமே வயது வரம்பு போட்டுக்கொள்ளும். ‘ஏ’ சான்றிதழ் படத்தை டி.வி.யில் போட வேண்டுமானால் வெட்டியும் ஊமையாக்கியும் மறுபடி சான்றிதழ் வாங்க வேண்டும்.

தஞ்சாவூர் வாசகி: படத்தில் இருவர் பேசுகிறார்கள், ஒருவர் மூக்கு மட்டும் தெரிகிறது. இது என்ன புதுமை?

புதுமையெல்லாம் இல்லை, யாரோ ‘ஜூம்’ போட்டிருக்கிறார்கள். அகலத்திரைப் படத்தை டி.வி.யில் முழுதாகக் காட்டினால் மேலும் கீழும் கறுப்புப் பட்டை வரும். அது பிடிக்காமல் திரையை நிரப்பினால் படத்தின் அகலத்தில் கால்வாசி வெளியே போய்விடும். ரிமோட்டில் ‘ஆஸ்பெக்ட்’ பட்டனை அழுத்தி ‘16:9’ அல்லது ‘ஒரிஜினல்’ வையுங்கள். செட்டாப் பாக்ஸ் மெனுவிலும் தனியாக ஒன்று உண்டு, அதையும் பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தும் மூக்கு மட்டும்தான் தெரிகிறது என்றால் சேனலே நறுக்கி அனுப்புகிறது. அதற்கு ரிமோட்டில் பட்டன் இல்லை.