பங்களா ஃபயர் பிளேஸுக்குள் இன்சர்ட்: கேட்டவையும் சொன்னவையும்

தை மாசி வந்தால் மலைநாட்டில் ராத்திரிக் குளிர் எலும்பைப் பிடிக்கும். பழைய ஃபயர் பிளேஸுக்குள் கண்ணாடிக் கதவுள்ள இரும்புப் பெட்டியை, அதாவது இன்சர்ட்டை, பொருத்தலாமா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பொருத்துவதும் சிம்னி துடைப்பதும் என் தொழில் என்பதால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

நுவரெலியாவிலிருந்து: நெருப்பு மூட்டினால் முகம் சுடுகிறது, முதுகு விறைக்கிறது. இன்சர்ட் போட்டால் மாறுமா அண்ணா?

மாறும். திறந்த நெருப்பு அறையின் சூடான காற்றையும் சேர்த்து சிம்னி வழியே இழுத்துக்கொண்டு போய்விடும். அந்த இடத்தை நிரப்ப ஜன்னல் இடுக்கிலும் கதவடியிலும் குளிர்காற்று நுழையும். உங்கள் முதுகில் படுவது அதுதான். காய்ந்த விறகு ஒரு கிலோவில் சுமார் 4 கிலோவாட் மணி வெப்பம் இருக்கிறது. திறந்த நெருப்பில் அதில் 10, மிஞ்சிப்போனால் 15 சதவீதம்தான் அறைக்குக் கிடைக்கும். நல்ல இன்சர்ட்டில் 70 சதவீதம் வரை எதிர்பார்க்கலாம்.

கந்தப்பளையிலிருந்து: எத்தனை கிலோவாட் வாங்க வேண்டும்?

500 கன அடிக்கு 1 கிலோவாட் என்பது பொதுக்கணக்கு. 15 அடிக்கு 16 அடி அறை, கூரை உயரம் 11 அடி என்றால் 5 போதும். இது பனி உறையும் நாடுகளின் கணக்கு என்பதால் நமக்குக் கொஞ்சம் குறைத்தே எடுக்கலாம். பெரிதாக வாங்கிவிட்டு, சூடு தாங்காமல் காற்றை அடைத்து எரிப்பதுதான் கெடுதல். தகரக் கூரைக்கு அடியில் சீலிங் இல்லையென்றால் முதலில் சீலிங் போடுங்கள், அப்புறம் பெட்டி வாங்கலாம்.

ஹட்டனிலிருந்து: பெட்டியை உள்ளே தள்ளி, சுற்றிச் சிமெந்து பூசினால் போதும் என்கிறார் மேசன் பாஸ். சிம்னிக்குள் இறக்கும் லைனர் குழாய் வீண் செலவாம்.

பாஸ் சொல்வதைக் கேட்காதீர்கள். வெள்ளைக்காரன் காலத்துச் சிம்னி அகலமானது, திறந்த நெருப்புக்காகக் கட்டியது. இன்சர்ட்டிலிருந்து வரும் புகை அளவில் குறைவு, அந்தப் பெரிய பொந்துக்குள் போனதும் ஆறிவிடும். ஆறினால் இழுவை போய்விடும். புகையிலுள்ள தார் செங்கல்லில் படிந்து, கெட்டிப்பட்டு, ஒருநாள் தீப்பிடிக்கும். பழைய சுண்ணாம்புப் பூச்சு உதிர்ந்த இடங்களில் சூடும் பொறியும் சீலிங் மரத்துக்குப் போகும். ஆள் தூங்கும் அறைக்குள் புகையும் கசியும்.

பெட்டியின் புகை வாய் 6 அங்குலம் என்றால் குழாயும் அடியிலிருந்து உச்சிவரை அதே 6 அங்குலம், ஓரிடத்திலும் குறுகக் கூடாது. 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வாங்குங்கள். அடியில் தகடு போட்டு இடைவெளியை அடைக்க வேண்டும். உச்சியில் வலையோடு கூடிய தொப்பி. தென்மேற்குப் பருவமழைக்கும் மைனாக் கூட்டுக்கும் அது இல்லாமல் முடியாது. பணம் பற்றாவிட்டால் பெட்டியில் ஒரு ரகம் குறைத்து வாங்குங்கள், குழாயில் கை வைக்காதீர்கள்.

தலவாக்கலையிலிருந்து: என்ன விறகு நல்லது ஐயா? லொறிக்காரர் யூகலிப்டஸ் காய்ந்தது என்று சொல்லித் தருகிறார், எரித்தால் சீறுகிறது.

சீறினால் அது காயவில்லை. நெருப்பின் சூட்டில் ஒரு பங்கு உள்ளிருக்கும் தண்ணீரைக் கொதிக்க வைக்கவே போகும். ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். அளக்கும் கருவி சின்னதுதான். கட்டையைப் புதிதாகப் பிளந்து உள்முகத்தில் குத்திப் பாருங்கள், வெளித்தோல் எப்போதும் பொய் சொல்லும். கருவி இல்லையென்றால் ஒரு துண்டில் தேதி எழுதி, நிறுத்துப் பார்த்து, மாதம் ஒருமுறை மறுபடி நிறுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது.

மர வகையைவிட நன்றாகக் காய்ந்திருப்பதுதான் முக்கியம். யூகலிப்டஸ் கனமான விறகு, நல்ல தணல் தரும். ஆனால் பச்சையாக இருக்கும்போதே பிளந்துவிட வேண்டும், காய்ந்தபின் கோடரிக்கு மசியாது. தோட்டத்துச் சவுக்கு (தேயிலைக்கு நிழல் தரும் கிரெவிலியா, கடலோரச் சவுக்கு அல்ல) லேசாகப் பற்றும், சீக்கிரம் முடியும். பிடுங்கிய தேயிலைக் கட்டை கிடைத்தால் விடாதீர்கள், நின்று எரியும். கவ்வாத்து மிளார் பற்றவைக்க மட்டும். பைனஸில் பிசின் இருக்கிறது, அதையும் நன்றாகக் காய்ந்தபின்தான் எரிக்க வேண்டும். பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட் எல்லாம் வேண்டவே வேண்டாம்.

ஜனவரி முதல் மார்ச் வரை நமக்கு வெயில் உண்டு. அப்போதே வாங்கிப் பிளந்து, தரையிலிருந்து உயர்த்தி அடுக்குங்கள். மேலே தகரம், பக்கங்கள் திறந்து இருக்கட்டும். தார்ப்பாயால் சுற்றி மூடினால் புழுங்கிப் பூஞ்சை பிடிக்கும். யூகலிப்டஸ் அடுத்த வருடக் குளிருக்குத்தான்.

ராகலையிலிருந்து: இரவு நிறைய விறகு போட்டு, காற்றை முழுக்க அடைத்தால் விடியும்வரை இருக்குமே?

இருக்கும், சிம்னியில் தாரும் சேர்ந்தே இருக்கும். சிறு தீயாக, பிரகாசமாக எரித்து, படுக்கும் முன் தணலாக விடுங்கள்.

லிந்துலையிலிருந்து: நாங்கள் லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், இருக்கிறோம். சிம்னி கிடையாது. கரிச் சட்டியை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திப் படுக்கிறோம். வேறு வழி உண்டா?

தங்கச்சி, அதை இன்றைக்கே நிறுத்துங்கள். கரித்தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமில்லை, வாசமில்லை. தலைவலி, மயக்கம் வரும், தூங்குகிறவர் எழும்பாமலே போவார். ஒருவருக்கு அப்படி ஆனால் உடனே வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து 1990 அம்புலன்ஸுக்கு அழையுங்கள். லயத்துக்கு இன்சர்ட் பொருந்தாது. அனகி என்ற மண் அடுப்பு விறகைக் குறைக்கும், ஆனால் அதற்கும் புகைபோக்கி கிடையாது, எனவே சமைக்கும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும். படுக்கையைச் சூடாக்க, இறுக மூடும் ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி வைத்துக்கொள்ளுங்கள். இன்சர்ட் வைப்பவர்களும் அந்த வாயுவைக் கண்டறியும் அலாரம் ஒன்று வாங்க வேண்டும்.

பண்டாரவளையிலிருந்து: கண்ணாடி கறுத்துப் போகிறது.

ஈர விறகு, அல்லது காற்று போதாது. ஆறியபின் நனைத்த பேப்பரில் சாம்பல் தொட்டுத் துடைத்தால் போய்விடும். கதவில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். சும்மா கழன்று வந்தால் ஓரத்துக் கயிறு தேய்ந்துவிட்டது, மாற்றுங்கள்.

வெலிமடையிலிருந்து: சாம்பலைத் தோட்டத்துக்குப் போடலாமா?

கோவாப் பாத்திக்குக் கொஞ்சம் தூவலாம். உருளைக்கிழங்குக்கு வேண்டாம், சொறி நோய் கூடும். தேயிலைக்கும் வேண்டாம், அதற்குப் புளிப்பு மண்தான் பிடிக்கும். அள்ளிய சாம்பலை மூடியுள்ள தகர வாளியில் வீட்டுக்கு வெளியே வையுங்கள், உள்ளே தணல் இரண்டு மூன்று நாள்கூட உயிரோடு கிடக்கும்.