பலத்த காயம், பல இடங்களில்: அவசர சிகிச்சை மருத்துவர் பதில்கள்

கேள்வி: அண்ணனுக்கு பைக் விபத்து. தொடை எலும்பு முறிந்திருந்தும் டாக்டர்கள் வயிற்றையே ஸ்கேன் செய்துகொண்டிருந்தார்கள். ஏன்?

பதில்: உயிரை எது முதலில் பறிக்கும் என்ற வரிசையில்தான் பார்ப்போம். பீறிடும் ரத்தம், மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், அப்புறம் நினைவு. வயிற்றுக்குள் இருக்கும் மண்ணீரல் கிழிந்தால் வெளியே ஒரு சொட்டு ரத்தம் தெரியாது. காலையும் விட்டுவிட மாட்டோம். தொடை முறிவில் ஒன்றரை லிட்டர் வரை ரத்தம் உள்ளேயே தேங்கலாம், அதனால் இழுத்துக் கட்டிவிடுவோம். எலும்பு ஆபரேஷன் பிறகுதான். உடல் குளிர்ந்து, ரத்தத்தில் அமிலம் கூடி, உறையும் தன்மையும் கெட்டவரை மணிக்கணக்கில் ஆபரேஷன் மேசையில் வைத்திருக்க முடியாது. ரத்தக் கசிவை மட்டும் நிறுத்தி, ஐசியூவில் தேற்றி, பிறகு மறுபடி திறப்போம். அடிபட்டவரைப் போர்த்தி வையுங்கள். நம்மூர் வெயிலிலும் உடம்பு குளிரும்.

கேள்வி: தண்ணீர் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. நுரையீரலுக்குள் போய்விடலாம்.

கேள்வி: ஆம்புலன்ஸில் வேலை செய்கிறேன். பிரஷர் (மேல் அளவு) 80 இருந்தது, இரண்டு பாட்டில் சலைன் ஓட்டினேன். தப்பு என்கிறார்கள்.

பதில்: உள்ளே ரத்தம் கசியும்போது சலைன் அதை நீர்க்க வைக்கும், உடம்பைக் குளிர வைக்கும், உறைந்த இடத்தையும் பெயர்த்துவிடும். பேச்சும் மணிக்கட்டு நாடியும் இருந்தால் 80-90 போதும். வண்டியை நிறுத்தாதீர்கள்.

அவரே: தலைக்காயமும் இருந்ததே சார்! 80 போதுமா?

பதில்: போதாது. நீங்கள் கேட்பது சரியான கேள்வி. அடிபட்ட மூளைக்கு 110-ஐ ஒட்டியாவது பிரஷர் வேண்டும், அங்கே திரவம் கொடுத்தே ஆக வேண்டும்.

இன்னொருவர்: அப்படியானால் எல்லாருக்கும் கொடுத்துவிடலாமே?

பதில்: கூடாது. வேண்டியது ரத்தம், சலைன் அல்ல. ரத்தக் கசிவைக் குறைக்கும் டிரானெக்சாமிக் ஆசிட் ஊசியை, அடிபட்ட 3 மணி நேரத்துக்குள் போடுங்கள். 20,000 பேருக்கு மேல் சோதித்து 2010, 2011-இல் வந்த முடிவு அது. தாமதித்துப் போட்டால் கெடுதல். சலைன் ஏற்றினாலும் போர்த்துங்கள்.

கேள்வி: சோடா, இளநீர்?

பதில்: வாய் வழியாக எதுவுமே வேண்டாம். மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: பழைய முதுகுவலி...

பதில்: எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: தூக்கிக்கொண்டு போனால் போலீஸ், செலவு?

பதில்: 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி உதவியவர் பெயர்கூடச் சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டில் சாலை விபத்து என்றால் ‘இன்னுயிர் காப்போம்’ திட்ட மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரம் இலவசம், வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. 108-ஐக் கூப்பிடுங்கள், ரத்தம் வரும் இடத்தை அழுத்திப் பிடியுங்கள்.

கேள்வி: குளுக்கோஸ் கரைத்து?

பதில்: வேண்டாம்.