இதயக் குழாயில் கால்சியம்: மாத்திரை பலன் தருமா?

கேள்வி: என் தந்தைக்கு வயது 64, சர்க்கரை நோயும் உண்டு. சென்ற மாதம் ஸ்டென்ட் (அடைப்பை விரித்து வைக்கும் வலைக்குழாய்) பொருத்தியபோது, இதயக் குழாயில் கால்சியம் கெட்டியாகப் படிந்திருப்பதாகக் கூறினார்கள். இரத்தம் உறையாமலிருக்க அவர் உட்கொள்ளும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் அதனால் பலனளிக்காமல் போகுமா?
– வாசகி ஒருவர், திருச்சி

பதில்: கால்சியம் படிவு மாத்திரையை நேரடியாகத் தடுப்பதில்லை, மாத்திரை செயல்படுவது குழாயின் சுவரில் அல்ல, இரத்தத்தை உறையச் செய்யும் தட்டணுக்களின் மீது. ஆனால் அந்தப் படிவை வளர்க்கும் சர்க்கரை நோயும் சிறுநீரகக் கோளாறுமே தட்டணுக்களையும் எளிதில் ஒட்டிக்கொள்ளச் செய்வதால், கால்சியம் படிவும் மாத்திரையின் பலன் குறைவதும் ஒருவரிடமே சேர்ந்து காணப்படுவதில் வியப்பில்லை. படிவு மிகக் கடினமாக இருந்தால் ஸ்டென்ட் முழுமையாக விரியாமல், அங்கு இரத்தம் உறையவும் கூடும். அதை மாத்திரையின் தோல்வி என்று எண்ணிவிடக் கூடாது.

குளோபிடோக்ரல், கல்லீரலில் சி.ஒய்.பி.2சி19 என்ற நொதியால் மாற்றமடைந்த பிறகே வேலை செய்யும். அந்நொதி மரபுவழியாக மந்தமாக உள்ளவர்கள், நம்மிடையே இவர்கள் அரிதல்லர், முழுப் பலன் பெறுவதில்லை. வயிற்றெரிச்சலுக்காகப் பலரும் தாமாகவே வாங்கி விழுங்கும் ஒமிப்ரசோலும் அதே நொதியைத் தடுக்கிறது. தந்தை அதை உட்கொண்டால் மருத்துவரிடம் தெரிவியுங்கள். வேலை செய்ய இந்நொதி தேவைப்படாத டிகாக்ரிலோர் போன்ற மருந்துக்கு மாற்றலாமா என்பதை, இரத்தக்கசிவு அபாயத்தையும் எடைபோட்டு அவரே முடிவு செய்வார். அதுவரை ஒரு வேளை மாத்திரையைக்கூட நீங்களாக நிறுத்த வேண்டாம்.