பெட்டியின் சாவி யார் கையில்?

மலேசியாவில், சுங்கை சிப்புட் பட்டணத்தில் கம்ப்யூட்டர், கேமரா பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். சுற்றியுள்ள தோட்ட ஆபிஸ்கள், கோயில்கள், லாரிக் கொட்டகைகள் என்று பல இடங்களில், தூரத்தில் இருந்தபடியே உள்ளே பார்க்கிற மாதிரி கேமராப் பதிவுப் பெட்டிகள் மாட்டிக் கொடுத்திருக்கிறேன். போன மாதம் இளைஞர் மன்றக் கூட்டத்தில் பாஸ்வர்ட் பற்றிப் பத்து நிமிஷம் பேசினேன். அன்றிலிருந்து கேள்விகள் கடைக்கே வருகின்றன. அடிக்கடி வந்தவற்றுக்கு இங்கே பதில்.

தோட்ட ஆபிஸ் கிராணி ஒருவர்: எங்கள் கேமராப் பெட்டி பூட்டிய அறைக்குள் இருக்கிறது. சாவி என்னிடம். வாங்கியபோது இருந்த பாஸ்வர்டே இருந்தால் என்ன? யார் வந்து தொடப் போகிறார்கள்?

அறைக்குப் பூட்டு இருக்கிறது, சரி. கோலாலம்பூரில் இருக்கும் உங்கள் மேனேஜர் கைப்பேசியில் பார்க்கிறாரே, அவர் எந்த வாசல் வழியாக வருகிறார்? அந்த வாசல் இன்டர்நெட் பக்கம் திறந்திருக்கிறது. உலகத்தில் யாரும் வந்து தட்டலாம்.

தட்டுவது மனுஷன்கூட இல்லை. 2016ல் மிராய் என்று ஒரு நச்சு நிரல் கிளம்பியது. அதன் கையில் இருந்தது சுமார் 60 பெயர், பாஸ்வர்ட் ஜோடிகள் மட்டும்தான். எல்லாம் ‘அட்மின், அட்மின்’ ரகம், கம்பெனியிலேயே போட்டு அனுப்பியவை. அவ்வளவை வைத்துக்கொண்டே கேமராக்களையும் ரூட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்துவிட்டது. அந்த ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி அவற்றில் ஏராளமானவை சேர்ந்து, இணையதளப் பெயர்களுக்கு முகவரி தேடிக் கொடுக்கும் டின் என்ற ஒரே நிறுவனத்தைத் தாக்கின. அமெரிக்காவில் பலருக்கு ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் எதுவும் மணிக்கணக்கில் திறக்கவில்லை. கேமரா வைத்திருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது, ஏனென்றால் படம் எப்போதும்போல் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பெட்டியை அணைத்துப் போட்டால் மிராய் போய்விடும். ஆனால் பழைய பாஸ்வர்டோடு மறுபடி இணைத்தால் சில நிமிஷங்களிலேயே திரும்பி வந்துவிடும்.

ஆகவே பாஸ்வர்டை இன்றைக்கே மாற்றுங்கள். அப்படியே ரூட்டரில் யுபிஎன்பி என்று ஒரு வசதி இருக்கும், அதையும் அணைத்துவிடுங்கள். உங்களைக் கேட்காமலேயே வாசல் திறந்துவிடும் வேலை அதனுடையது.

கோயில் கமிட்டிப் பொருளாளர்: எங்களில் ஐந்து பேர் கேமரா பார்க்கிறோம். ஐந்து பேருக்கும் ஒரே பாஸ்வர்ட். வசதியாகத்தான் இருக்கிறது.

இருக்கும். கமிட்டி மாறும்போதுதான் தொல்லை தெரியும். நான் பராமரிக்கும் ஒரு கோயிலில், பதவி முடிந்து போனவர் இரண்டு வருஷமாக வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே உண்டியல் எண்ணுவதைப் பார்த்திருக்கிறார். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, பழக்கதோஷம். ஒரு நாள் அவரே “நேற்று எண்ணிக்கையில் ஒரு ஆள் குறைவாமே?” என்று கேட்கப் போய்த்தான் விஷயம் வெளியே வந்தது.

ஆளுக்கு ஒரு கணக்கு போடுங்கள். பார்ப்பவருக்குப் பார்க்கும் உரிமை மட்டும் போதும். பதிவை அழிக்கிற, அமைப்பை மாற்றுகிற உரிமை ஒரே கணக்குக்கு இருக்கட்டும். அதன் பாஸ்வர்டைத் தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்துப் போட்டுப் பெட்டகத்தில் வையுங்கள். ஒருவர் விலகினால் அவர் கணக்கை நீக்கினால் போதும், மற்ற நாலு பேரைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை.

ஓய்வு பெற்ற ஆசிரியர்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கிறார்களே? எனக்கு மறந்து மறந்து போகிறது.

வேண்டாம் ஐயா. அந்தக் கட்டாயம் பரவியதற்கு ஒரு காரணம், அமெரிக்காவின் நிஸ்ட் என்ற தர நிர்ணய அமைப்பு 2000களின் தொடக்கத்தில் வெளியிட்ட வழிகாட்டி. 2017ல் அதே நிஸ்ட், காரணமில்லாமல் மாற்றச் சொல்லாதீர்கள் என்று எழுதிவிட்டது. மாற்றச் சொன்னால் ஜனங்கள் ‘தீபாவளி1’ஐ ‘தீபாவளி2’ ஆக்குகிறார்கள், வேறென்ன. கசிந்தது என்று தெரிந்தால் மாற்றுங்கள், பாஸ்வர்ட் தெரிந்த ஆள் விலகினால் மாற்றுங்கள், கைப்பேசி காணாமல் போனால் மாற்றுங்கள்.

அதைவிட முக்கியம் நீளம். ஒன்றுக்கொன்று ஒட்டாத நாலைந்து சொற்களைக் கோத்துவிடுங்கள். பழமொழி வேண்டாம், ‘ஆனைக்கும் அடி சறுக்கும்’ உங்களுக்கு மட்டுமா தெரியும்? இன்னொன்று, சில பழைய பெட்டிகள் 16 எழுத்துக்கு மேல் ஏற்காது. போட்ட பிறகு வெளியே வந்து, மறுபடி உள்ளே போய்ப் பாருங்கள்.

லாரி நிறுவனம் நடத்தும் அக்கா: இரவில் வீட்டிலிருந்து ஆபிஸ் கம்ப்யூட்டருக்குள் போய்க் கணக்கு போடுகிறேன். ரிமோட் டெஸ்க்டாப், அதற்கான இணைய வாசல், 3389ஆம் போர்ட், திறந்திருக்கிறது. பாஸ்வர்ட் 18 எழுத்து, யாராலும் ஊகிக்க முடியாது. போதாதா?

போதாது அக்கா. ஊகித்துத்தான் வர வேண்டும் என்று இல்லையே. 2021 மே மாதம் அமெரிக்காவில் கொலோனியல் பைப்லைன் என்ற எண்ணெய்க் குழாய் நிறுவனம் சில நாள் முடங்கியது. சுமார் 8,850 கிலோமீட்டர் குழாய், கிழக்குக் கரையில் பல இடங்களில் பெட்ரோலுக்கு வரிசை. ஆள் புகுந்தது ஒரு பழைய விபிஎன் (வெளியிலிருந்து ஆபிஸ் வலைக்குள் வரும் பூட்டிய தனிப் பாதை) கணக்கு வழியாக. அதை யாரும் பயன்படுத்தவே இல்லை, ஆனால் நீக்கவும் இல்லை. அந்த பாஸ்வர்ட் சிக்கலானதுதான் என்று அதன் தலைவரே செனட் விசாரணையில் சொன்னார். ஆனால் எங்கோ கசிந்த பட்டியலில் அது கிடந்தது, பாஸ்வர்டுக்குப் பிறகு இன்னொரு எண்ணும் கேட்கிற இரண்டாம் படி சரிபார்ப்பும் இல்லை. 75 பிட்காயின், அன்றைய கணக்கில் சுமார் 44 லட்சம் டாலர், புகுந்தவர்களுக்கு மீட்புப் பணமாகக் கொடுத்துத் தொலைத்தார்கள்.

அப்புறம் இன்னொரு கதை. 2019ல் புளூகீப் என்ற ஓட்டை பழைய விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்பில் வெளியானது. அதில் நுழைய பாஸ்வர்டே தேவையில்லை. உங்கள் 18 எழுத்து அங்கே என்ன செய்யும்?

அதனால் 3389ஐ மூடிவிடுங்கள். எண்ணை மட்டும் 3390 என்று மாற்றினால் ஏமாந்து போவார்கள் என்று சில தம்பிகள் சொல்வார்கள், கேட்காதீர்கள், தேடும் இயந்திரத்துக்கு எல்லா எண்ணும் ஒன்றுதான். ரூட்டரிலேயே விபிஎன் போட்டு, அதற்கு இரண்டாம் படி சரிபார்ப்பும் வைத்து, அதற்குள் வந்த பிறகு ரிமோட் டெஸ்க்டாப் திறக்கட்டும். இரவில் ஒரு நிமிஷம் கூடுதலாகும், அவ்வளவுதான்.

செம்பனை ஆலையில் வேலை செய்யும் தம்பி: இரண்டாம் படிக்கு எஸ்எம்எஸ் நல்லதா, ஆப் நல்லதா? ஆப் போட்டேன், ஒரு வாரம் வேலை செய்தது. மின்சாரம் போய் வந்த பிறகு எந்த எண் போட்டாலும் ‘தவறு’ என்கிறது.

ஆப்தான். எஸ்எம்எஸ் என்றால் உங்கள் எண்ணையே வேறு சிம்முக்கு மாற்றிக்கொண்டு போகிறவன் இருக்கிறான். வங்கிகளும் எஸ்எம்எஸ் எண்ணை விட்டு விலக வேண்டும் என்று நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022லேயே அறிவித்துவிட்டது. அதோடு நம் பக்கம் செம்பனைக் காட்டுக்குள் லைன் எங்கே கிடைக்கிறது? ஆப்புக்கு லைன் வேண்டாம்.

உங்கள் பிரச்சினை எனக்கு ரொம்பப் பழக்கம். முதல் நாள் கியூஆர் என்ற கட்டக் குறியீட்டை ஸ்கேன் செய்தீர்களே, அப்போது ஒரு ரகசியம் உங்கள் கைப்பேசியிலும் பெட்டியிலும் பதிந்துவிட்டது. அதற்குப் பிறகு இரண்டும் பேசிக்கொள்வதே இல்லை. இரண்டும் அந்த ரகசியத்தையும் கடிகாரத்தையும் சேர்த்துத் தனித்தனியே கணக்குப் போட்டு, 30 விநாடிக்கு ஒரு எண்ணைக் கண்டுபிடிக்கின்றன. கடிகாரம் ஒத்தால் எண் ஒக்கும். மின்சாரம் போனபோது உங்கள் பெட்டியின் கடிகாரம் பழைய வருஷத்துக்கே போயிருக்கும். உள்ளே காசு போல ஒரு பேட்டரி இருக்கிறது, அது தீர்ந்துவிட்டது. இரண்டு மூன்று வெள்ளிக்குக் (ரிங்கிட்) கிடைக்கிற சாமான். மாற்றிவிட்டு, நேரத்தை இன்டர்நெட்டிலிருந்து தானாக எடுக்கும்படி வைத்துவிடுங்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. திரையில் நேரம் சரியாகத் தெரிந்தாலும் எண் தவறலாம். கணக்குப் போடுவது உலகப் பொது நேரத்தில். நாம் அதற்கு 8 மணி நேரம் முன்னால். நேர மண்டலம் லண்டனில் நிற்க, நீங்கள் முள்ளை மட்டும் நம் நேரத்துக்குத் திருப்பினால், பெட்டி தன்னை 8 மணி நேரம் எதிர்காலத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும். சீனாவிலிருந்து பெய்ஜிங் நேரத்தோடு வந்த பெட்டி என்றால் தப்பித்தோம், 1982 புத்தாண்டிலிருந்து அவர்கள் நேரமும் நம் நேரமும் ஒன்று. இதைத் தெரிந்துகொள்ள நான் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமையைத் தொலைத்திருக்கிறேன்.

அதே தம்பி: கைப்பேசியே தண்ணீரில் விழுந்துவிட்டால்?

ஆப்பை அமைக்கும் அன்றைக்கே பெட்டி சில மீட்பு எண்கள் கொடுக்கும், ஒவ்வொன்றும் ஒரு தடவைக்கு. அச்சடித்து, பாஸ்வர்ட் வைத்த அந்த உறைக்குள்ளேயே வையுங்கள். இப்படி எண் காட்டும் ஆப்களில் ஒன்றான கூகுள் ஆதென்டிகேட்டர் 2023 ஏப்ரலிலிருந்து கூகுள் கணக்கிலேயே நகல் வைத்துக்கொள்ளும். அப்படி வைத்தால் அந்தக் கணக்குக்குப் பூட்டு இன்னும் பலமாக வேண்டும். கட்டக் குறியீட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிற வேலை மட்டும் கூடாது. அந்தப் படத்தை வைத்திருப்பவன் கைப்பேசியிலும் அதே எண்தான் வரும். எதுவுமே இல்லாவிட்டால் ஒருவர் நேரில் போய்ப் பெட்டியின் பின்னால் உள்ள பொத்தானை அழுத்திப் பிடிக்க வேண்டும். மழைக் காலத்தில் தோட்டத்துச் செம்மண் ரோட்டில் போகிற அந்த ஒருவர் பெரும்பாலும் நான்தான்.

வீட்டில் இருக்கும் ஒரு அம்மா: நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கலாமா?

வைக்கலாம் அம்மா. எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வர்ட் போடுவதைவிட நோட்டு எவ்வளவோ மேல். ரூட்டர் மேல் ஒட்டி வைக்காதீர்கள். பிள்ளைகள் உதவினால் பிட்வார்டன், கீபாஸ் மாதிரி, பாஸ்வர்டுகளைப் பூட்டி வைக்கும் ஆப் ஒன்று போட்டுத் தரச் சொல்லுங்கள்.

யாராவது போனில் “ஆப் ஒன்று இறக்குங்கள், திரையில் வரும் எண்ணைச் சொல்லுங்கள்” என்றால் அப்படியே வைத்துவிடுங்கள். பேங்க், போலீஸ், நான், யாராக இருந்தாலும் சரி. பணம் போய்விட்டால் யோசிக்காமல் உடனே 997, மோசடிப் புகாருக்கான எண்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: எங்கள் பெட்டியை மாட்டியது நீங்கள்தான். அப்படியானால் உங்களிடமும் ஒரு பாஸ்வர்ட் இருக்குமே?

நல்ல கேள்வி, கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன். இருந்தது. ஆரம்பத்தில் எல்லா வாடிக்கையாளருக்கும் நானே ஒரே பாஸ்வர்ட் போட்டேன். பழுது என்று அழைத்தால் கடையில் இருந்தபடியே பார்த்துவிடலாமே என்ற சோம்பல். என் நோட்டு ஒன்று தொலைந்திருந்தால் பாதிச் சுங்கை சிப்புட் திறந்து கிடந்திருக்கும். இப்போது ஒவ்வொரு பெட்டிக்கும் தனித்தனி, ஒப்படைத்த அன்றே நீங்கள் மாற்றிவிட வேண்டும் என்று ரசீதிலேயே எழுதித் தருகிறேன்.

பழைய பெட்டிகள் இன்னும் சில பாக்கி. உங்கள் பயனர் பட்டியலில் ‘சர்வீஸ்’ என்று ஒரு பெயர் இருந்தால், அது நான். நீக்கிவிடுங்கள். பழுது வந்தால் அழையுங்கள், அன்றைக்கு மட்டும் திறந்து விட்டால் போதும்.